திரையா, வார்டா? மகர்பட்டாவிலிருந்து நர்சிங் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

புணேயின் மகர்பட்டா, ஹடப்சர், முண்ட்வா பகுதிகளில் நர்சிங் படிக்க விரும்பும் தமிழர்களில் இரண்டு வகையினர் உண்டு. இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணோ பையனோ ஒரு வகை. கணவருக்கு மகர்பட்டா சைபர்சிட்டி ஐ.டி. வளாகத்தில் வேலை, பிள்ளையும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டது, இனி நமக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்று நினைக்கும் முப்பது வயதுப் பெண் இன்னொரு வகை. இரண்டு பேர் கைப்பேசியிலும் ஒரே மாதிரி விளம்பரம்தான் வந்து நிற்கும்: வீட்டிலிருந்தபடியே நர்சிங் டிப்ளமோ, ஆறே மாதம், வேலை உறுதி.

இந்த அத்தியாயத்தின் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான அடிப்படைப் படிப்பு எதையும் முழுக்க ஆன்லைனில் படிக்க முடியாது. ஆகவே ‘ஆன்லைனா, கல்லூரியா’ என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். அந்தக் கல்லூரியின் பின்னால் எந்த மருத்துவமனை இருக்கிறது, அங்கே உங்களுக்கு எத்தனை நோயாளிகள் கிடைப்பார்கள் என்பதற்கு நேரம் கொடுங்கள்.

முதலில், எது நர்சிங்?

பதிவுக்கு வழிவிடும் படிப்புகள் மூன்று.

ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பு). இரண்டு ஆண்டு. பெண்களுக்கு மட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு படித்திருந்தாலும் சேரலாம். வயது 17 முதல் 35 வரை. தமிழ்நாட்டில் நாம் கிராம சுகாதாரச் செவிலியர் என்று அறிந்தவர்கள் செய்யும் வேலைக்கான படிப்பு இதுதான்.

ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேற்றுச் செவிலியப் படிப்பு). மூன்று ஆண்டு. ஆண்களும் படிக்கலாம். அறிவியல் பிரிவு இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பிலும் ஆங்கிலத்திலும் 40 சதவீதம் வேண்டும். இதற்கும் வயது வரம்பு 35. முப்பது வயதில் யோசிப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வையுங்கள். இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று தள்ளிப்போட இடம் அதிகம் இல்லை.

பி.எஸ்சி. நர்சிங். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும்.

மகாராஷ்டிராவில் ஏ.என்.எம்., ஜி.என்.எம். தேர்வுகளை மாநில நர்சிங் மற்றும் துணை மருத்துவக் கல்வி வாரியம் நடத்துகிறது. பி.எஸ்சி. பட்டம் நாசிக்கில் உள்ள மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்திலிருந்தோ, பாரதி வித்யாபீட், சிம்பயாசிஸ் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்தோ வரும். எதில் படித்தாலும், முடித்த பிறகு மகாராஷ்டிர நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நீங்கள் நர்ஸ்.

இவற்றுக்கு வெளியே ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பது என்று உழைப்பும் பொறுமையும் கேட்கும் மதிப்புள்ள வேலை அது. அவசரமாகச் சம்பாதிக்க வேண்டியவருக்கு அது நேர்மையான வழி. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. அதையே ‘நர்சிங் டிப்ளமோ’ என்று பெயர் மாற்றி விற்பதுதான் அநியாயம்.

விளம்பரங்களில் அடிபடும் ‘பிராக்டிகல் நர்சிங்’ என்பது அமெரிக்கா, கனடா நாட்டுப் பிரிவு. அமெரிக்காவில் அதற்குத் தனி உரிமமும் தனித் தேர்வும் இருக்கின்றன. இந்தியாவில் அந்தப் பெயரில் பதிவு கிடையாது. அங்கேயும் ஆன்லைன் படிப்பு என்றால் தியரி மட்டும்தான் திரையில். மருத்துவமனைப் பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டும்.

திரையில் வராதது

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வேலையைப் பாருங்கள்: சலைன் ஏற்ற நரம்பு பிடிப்பது. எழுபது வயது அம்மா, பல வருடச் சர்க்கரை நோய். புறங்கையில் நீல நரம்பு நன்றாகத் தெரியும். ஊசி முனை தொட்டதும் அது தோலுக்கடியில் நழுவி ஓடும். இடது கைக் கட்டை விரலால் கீழே தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சாய்வாக நுழைத்து, கேனுலாவின் பின்னால் சொட்டு ரத்தம் தெரிந்ததும் சாய்வை இன்னும் தாழ்த்தி, ஊசியைப் பின்னிழுத்தபடி குழாயை முன்தள்ள வேண்டும். வீடியோவில் இத்தனையும் தெளிவாகத் தெரியும். எவ்வளவு இறுக்கி இழுத்தால் நரம்பு நழுவாது என்பதைக் கட்டை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வேறு வேறு தோல்கள் வேண்டும், பக்கத்தில் நின்று ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஒரு சிஸ்டர் வேண்டும்.

கொரோனா காலத்தில் எல்லாமே ஆன்லைனில் நடந்ததே என்று சிலர் வாதிடுவார்கள். அப்போது திரைக்குப் போனது தியரி வகுப்புகள்தான். இன்றைய விதிப்படி தேர்வு எழுத தியரியிலும் பயிற்சியிலும் தலா 80 சதவீத வருகை வேண்டும். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன் பயிற்சி நேரத்தை நூறு சதவீதமும் முடித்திருக்க வேண்டும். விடுப்பு எடுத்த நாள்களை வார்டில் பிறகு நின்று ஈடுகட்டித்தான் தீர வேண்டும்.

தேர்வு செய்யும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். பலரும் நடுவிலிருந்து தொடங்குவதால்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

1. எந்த மாநிலத்து மாணவர் என்று தீர்மானியுங்கள். பத்தும் பன்னிரண்டும் மகாராஷ்டிராவில் படித்து, இருப்பிடச் சான்றும் இருந்தால் இங்கே மாநில ஒதுக்கீட்டுக்கு முயலலாம். பள்ளிப் படிப்பு தமிழ்நாட்டில் என்றால் அங்கே விண்ணப்பிப்பதே பெரும்பாலும் லாபம். சாதிச் சான்று விஷயத்தில் கவனம்: தமிழ்நாட்டில் வாங்கிய சான்று இங்கே இட ஒதுக்கீட்டுக்கு அப்படியே செல்லாது.

2. படிப்பைத் தீர்மானியுங்கள். வயது, பாடப்பிரிவு, வீட்டு நிலைமை மூன்றையும் வைத்து. பி.எஸ்சி. கிடைக்கவில்லை என்று ஒரு வருடம் வீட்டில் இருப்பதைவிட நல்ல மருத்துவமனையோடு இணைந்த ஜி.என்.எம். மேல் என்பது என் கருத்து. பதிவு ஒரே மாதிரிதான். பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் பெறலாம்.

3. நுழைவுத் தேர்வைக் குறித்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிராவில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு மாநிலப் பொது நுழைவுத் தேர்வு (சி.இ.டி.) பிரிவு தனித் தேர்வு நடத்துகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழி வேறு. ஒவ்வொன்றின் இணையதளத்தையும் தனியே பாருங்கள்.

4. மூன்று பட்டியல்களில் பெயரைத் தேடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு முறை, மகாராஷ்டிர நர்சிங் கவுன்சிலில் ஒரு முறை, தேர்வு நடத்தும் வாரியத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு முறை. கல்லூரியின் பெயர், முகவரி, படிப்பு, இடங்களின் எண்ணிக்கை நான்கும் பொருந்த வேண்டும். ஏ.என்.எம்.முக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு ஜி.என்.எம்.முக்கும் ஆள் சேர்ப்பதைத் தடுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே கருவி இந்தச் சரிபார்ப்பு.

5. மருத்துவமனையை நேரில் பாருங்கள். கீழே விரிவாக.

6. கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கட்டணம், விடுதி, சீருடை, தேர்வு, பயிற்சிக்கான பஸ், எல்லாம் ஆண்டுவாரியாக. மகாராஷ்டிர அரசு 2024-25 முதல், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களில் பொருளாதாரத்தில் நலிந்தோர், ஓ.பி.சி., எஸ்.இ.பி.சி. (சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோர்) பிரிவுப் பெண்களுக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் முழு விலக்கு தருகிறது. அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இது கிடைக்கும். மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கிடையாது. ‘கலந்தாய்வு வரை ஏன் காத்திருக்கிறீர்கள், இப்போதே சேருங்கள்’ என்று அவசரப்படுத்தும் ஏஜென்ட்டிடம் இதைச் சொல்லுங்கள்.

குறிப்பு: பக்கத்திலேயே இருக்கும் வழி. மகர்பட்டாவிலிருந்து சோலாப்பூர் சாலையில் நகருக்குள் போனால் வானவடியில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. அதன் நர்சிங் கல்லூரியில் பெண்களுக்கு நான்கு ஆண்டு பி.எஸ்சி. உண்டு. நீட் மதிப்பெண் வழியாக அகில இந்திய அளவில் தேர்வு நடப்பதால் எந்த மாநிலத்து மாணவி என்ற கேள்வி எழாது. பயிற்சியும் தங்குமிடமும் இலவசம். முடித்தபின் ராணுவ நர்சிங் சேவையில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுத வேண்டும்; அது உண்மையான ஒப்பந்தம், யோசித்துக் கையெழுத்திடுங்கள். உயிரியல் படிக்கும் பெண் வீட்டில் இருந்தால் பதினொன்றாம் வகுப்பிலேயே இதைப் பேசத் தொடங்குங்கள்.

மருத்துவமனையைப் பார்க்கப் போகும் நாள்

இதற்கு ஒரு முழு வேலை நாளை ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கட்டடம், கண்ணாடிக் கதவு, வரவேற்பறைச் சோபா எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

முதல் கேள்வி: இது உங்கள் சொந்த மருத்துவமனையா? புதிதாக நர்சிங் கல்லூரி தொடங்க 100 படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள், பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கும் உண்டு. படுக்கைகளில் சராசரியாக முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். காகிதத்தில் 100 படுக்கை இருக்கும். காலை பத்து மணிக்கு பொது வார்டின் வாசலில் நின்று பார்த்தால் பாதி மெத்தையில் விரிப்பே இருக்காது. நோயாளி இல்லாத வார்டில் மாணவர் கற்பது நாற்காலியில் உட்காரத்தான்.

இரண்டாவது: பிரசவ அறை. மாதத்துக்கு எத்தனை பிரசவம்? சுகப்பிரசவம் எத்தனை? அறுவை சிகிச்சை மட்டுமே நடக்கும் இடத்தில் மகப்பேறு பயிற்சியின் லாக் புக் (மாணவர் செய்த செய்முறைகளைப் பதியும் ஏடு) நிரம்பாது. அப்படியானால் மாணவர்களை எந்த அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், எத்தனை வாரம் என்று கேளுங்கள். புணே ரயில் நிலையத்தருகே உள்ள சசூன் மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் கிடைக்கும் அனுபவத்துக்கு ஈடு இல்லை. 1867இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு நகரமும் சுற்றுக் கிராமங்களும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. மகர்பட்டா, ஹடப்சர் பக்கமுள்ள தனியார் மருத்துவமனைகளில் நவீன ஐ.சி.யு. பழக்கம் கிடைக்கும். இரண்டும் கலந்த பயிற்சித் திட்டம் கொண்ட கல்லூரி என்றால் அதற்கே என் ஓட்டு.

மூன்றாவது: ஸ்கில் லேப். அங்கே கிடக்கும் பொம்மையின் கையைத் திருப்பிப் பாருங்கள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய துளைகள் நிறைய இருந்தால் மாணவர்கள் பழகுகிறார்கள் என்று அர்த்தம். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் அது இன்ஸ்பெக்‌ஷனுக்காக வாங்கியது.

கடைசியாக, மதிய இடைவேளையில் கேன்டீனில் சீனியர்களிடம் பேசுங்கள். ‘எப்படி இருக்கிறது கல்லூரி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு அக்கா’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: போன மாதம் எந்த வார்டு போஸ்டிங்? ட்யூட்டர் வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்கு வந்தார்? லாக் புக்கில் எந்தப் பக்கம் வரை கையெழுத்து ஆகியிருக்கிறது? மூன்றாம் ஆண்டு மாணவி தயங்கினால், அந்தத் தயக்கத்தை நம்புங்கள்.

ஆன்லைன் எங்கே உதவும்?

திரையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்கென்று இடம் இருக்கிறது.

சேருவதற்கு முன்: உடற்கூறியல், உடலியங்கியல் அடிப்படைகளை வீடியோவில் பார்த்துவிடுங்கள். பல வருட இடைவெளிக்குப் பிறகு படிக்க வருபவர்களுக்கு இது பெரிய பலம். மருந்தளவுக் கணக்கை மட்டும் வீடியோவில் பார்த்தால் போதாது, பேப்பரில் போட்டுப் பழகுங்கள்.

படிக்கும்போது: மறுநாள் வார்டில் செய்யப்போகும் செய்முறையை முந்தின இரவு ஒருமுறை பார்ப்பது. பத்து நிமிடம் போதும்.

முடித்த பிறகு: ஆன்லைனின் உண்மையான பயன் இங்கேதான். பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தொடர் கல்வி நேரம் காட்ட வேண்டும். அதில் ஒரு பகுதியை, கவுன்சில் ஏற்கும் ஆன்லைன் வகுப்புகள் வழியாகச் சேர்க்கலாம். இக்னோ பல்கலைக்கழகத்தின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் தொலைநிலைப் படிப்பும் பதிவு பெற்று, வேலை அனுபவமும் உள்ள நர்ஸ்களுக்காக வந்ததுதான். அதிலும் செய்முறைப் பயிற்சி நேரில்தான். ‘இக்னோவில் வீட்டிலிருந்தே நர்ஸ் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால், ஏற்கெனவே நர்ஸாக இருப்பவருக்கான படிப்பை உங்களுக்கு விற்கிறார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

அசல் சான்றிதழ்களை ஒப்படைப்பது முதல் தவறு. சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைத் திரும்பக் கையில் வாங்குங்கள். படிப்பு முடிந்தும் இத்தனை வருடம் எங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று தனியார் கல்லூரி பாண்ட் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் இந்தப் பழக்கத்தை ஏற்பதில்லை.

இரண்டாவது, தூரத்தைக் குறைத்து மதிப்பிடுவது. காலை ஷிஃப்ட் ஏழு, ஏழரைக்கே தொடங்கும். நர்சிங் கல்லூரிகள் உள்ள தனக்கவடியோ சேனாபதி பாபட் சாலையோ மகர்பட்டாவிலிருந்து நகரத்தின் மறுகோடி. குழந்தை உள்ளவர்கள் ஒருநாள் அதே நேரத்தில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். விடுதியில் தங்குவது கட்டாயமா என்றும் முதலிலேயே கேளுங்கள்.

மூன்றாவது, மராத்தியைத் தள்ளிவைப்பது. டாக்டரிடம் ஆங்கிலம் போதும், நோயாளியிடம் போதாது. சேரும் முன் இந்த நான்கையாவது வாயில் பழக்குங்கள்: ‘குடே துக்தய்?’ (எங்கே வலிக்கிறது?), ‘சக்கர் யேதே கா?’ (தலை சுற்றுகிறதா?), ‘ஷ்வாஸ் க்யா’ (மூச்சை இழுங்கள்), ‘ஜேவலாத் கா?’ (சாப்பிட்டீர்களா?). வார்டு ஆயாவை இங்கே ‘மாவஷி’ என்பார்கள். அப்படியே கூப்பிடுங்கள். எந்தப் படுக்கைக்காரர் இரவு தூங்கவில்லை என்பது உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்கா போன்ற நாடுகள் மதிப்பெண் பட்டியலோடு நிற்பதில்லை. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை, மனநலம் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரத் தியரி, எத்தனை மணி நேரப் பயிற்சி என்று கல்லூரியிடமே எழுதி வாங்கிப் பார்ப்பார்கள். பயிற்சி மணி நேரம் இல்லாத டிப்ளமோவுக்கு அங்கேயும் கதவு திறக்காது.

பாதுகாப்பு: ஊசி குத்திவிட்டால்

வார்டுக்குப் போகும் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதன் ஆபத்தையும் தெரிந்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசியின் மூடியை மறுபடி மாட்டாதீர்கள். மாணவர்களுக்குக் குத்துவது பல சமயம் அந்த நொடியில்தான். ஊசியும் பிளேடும் குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு உடனே போக வேண்டும். அப்படியும் குத்திவிட்டால்:

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள். விரலை வாயில் வைக்காதீர்கள்.
2. அதே நிமிடம் வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.
3. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில், மாணவருக்கு ஊசி குத்தினால் பரிசோதனைக்கும் மருந்துக்கும் யார் பணம் கொடுப்பது என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லும் கல்லூரி தன் பிள்ளைகளைக் கவனிக்கிறது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாமல் வார்டுக்குள் கால் வைக்காதீர்கள். இன்று முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. சிறு வயதில் முழுக்கப் போட்டிருந்தால் அட்டையைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அட்டை இல்லை என்றால் கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் போடும் வாரத்திலேயே முதல் டோஸைப் போட்டுவிடுங்கள்.